62 கிரெயின் குண்டு கவிழ்கிறது, 63 கிரெயின் குண்டு பறக்கிறது: ஏன்?

கேள்வி: கனடாவின் கல்கரி நகரில் வசிக்கிறேன். உரிமம் பெற்று, துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். சென்ற ஆண்டு .223 ரெமிங்டன் தோட்டாவுக்கான போல்ட் ரைஃபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். குழலில் '12 அங்குலத்துக்கு ஒரு சுற்று' என்று பொறித்திருக்கிறது. 55 கிரெயின் எடையுள்ள குண்டு வைத்து நானே நிரப்பும் தோட்டாக்கள் 100 மீட்டரில் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. 600 மீட்டரில் சுடும் ஆசையில் 77 கிரெயின் போட்டிக் குண்டுகளை வாங்கி, கையேட்டில் உள்ள தொடக்க அளவு வெடிமருந்திட்டு 50 தோட்டாக்கள் நிரப்பினேன். ஏழு சுட்டேன். நான்கு அட்டையில் பட்டன. ஓட்டைகள் வட்டமாக இல்லை. சாவித்துளை போல நீண்டிருக்கின்றன. மற்ற மூன்றும் எங்கே போயின என்றே தெரியவில்லை. குழல் தேய்ந்துவிட்டது என்கிறார் ஒரு நண்பர். வேகம் போதவில்லை, மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? மீதி 43 தோட்டாக்களை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முதலில் அந்த 43 தோட்டாக்களை ஒரு பெட்டியில் போட்டு, 'சுடக் கூடாது' என்று எழுதி ஒட்டி, தனியே எடுத்து வையுங்கள். மருந்தைக் கூட்ட வேண்டாம். ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். இந்த ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் சரியில்லை. குழல் தேய்ந்திருந்தால் 55 கிரெயின் குண்டும் சிதறியிருக்கும். அது ஓர் அங்குலத்துக்குள் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழல் நன்றாக இருக்கிறது. எந்தக் குண்டுக்காக அதைச் செய்தார்களோ அந்தக் குண்டை நேர்த்தியாகச் சுடுகிறது. 77 கிரெயின் குண்டு அதற்கு உரியதல்ல. கடையில் குண்டுகளை எடையைச் சொல்லி விற்பதால், 'எடை கூடினால் முறுக்கு கூட வேண்டும்' என்றே எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டார்கள். குழல் முறுக்குக்கு எடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கேட்கும் முதல் கேள்வி எடை அல்ல, நீளம்.

சொற்களை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்கிறேன், வேறு வாசகர்களும் படிப்பார்கள் என்பதால். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, நுனியில் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குழலைவிட்டு வெளியே பறப்பது குண்டு மட்டும். குழலின் உட்சுவரில் திருகாணிப் புரியைப் போல் காடிகள் சுற்றிச் செல்கின்றன. அவை குண்டைக் கவ்விச் சுழற்றுகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் ஆகிறது என்பதே முறுக்கு. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு; 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் வேகமான முறுக்கு. எண் சிறுக்கச் சிறுக்க முறுக்கு இறுகுகிறது.

சுழற்சி எதற்கு? கூர்மூக்குக் குண்டின் எடை பின்பக்கத்தில் திரண்டிருக்கிறது. எதிர்க்காற்றின் விசையோ அதற்கு முன்னால், மூக்கை ஒட்டிய ஓரிடத்தில் வந்து தாக்குகிறது. ஆகவே காற்று ஓயாமல் மூக்கைத் தூக்கிக் குண்டைப் பின்பக்கமாகப் புரட்டப் பார்க்கிறது. அந்தப் புரட்டலை எதிர்த்து நிற்பது சுழற்சி. சிறுவயதில் பம்பரம் விட்டவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்: குட்டையான, வயிறு பருத்த பம்பரம் மெல்லச் சுற்றினாலும் நிற்கும், ஒல்லியாக நெடிதாகக் கடைந்த பம்பரத்தை எவ்வளவு இழுத்துவிட்டாலும் சீக்கிரம் தலையாட்டத் தொடங்கிவிடும். குண்டு நீளும்போது இரண்டு கேடுகள் சேர்ந்தே வருகின்றன. காற்று பிடித்துப் புரட்டும் கை நீளுகிறது. நெடுக்குவாட்டில் புரள்வதற்கு எதிரே சுழற்சி தரும் பிடிமானமும் ஒப்பளவில் குறைகிறது. அதனால்தான் நீளத்தில் சிறு மாற்றம் வந்தாலே முறுக்கில் பெரிய மாற்றம் தேவைப்படுகிறது.

இதை எடையின் கணக்கில் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு 170 ஆண்டு பழைய சான்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் படையின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியை நம் நாட்டுப் பள்ளிப் பாடப் புத்தகம் படித்த எவரும் அறிவார்கள். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாக்களால் சிப்பாய்கள் கொதித்தெழுந்தது அந்தத் துப்பாக்கியின் பொருட்டுத்தான். அதன் குழல் விட்டம் .577 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் எடை ஏறத்தாழ 530 கிரெயின். அதே காலத்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் அதே 530 கிரெயின் எடையை .451 அங்குல அறுகோணக் குழலுக்குள் அடக்கினார். எடை மாறவில்லை, விட்டம் சுருங்கியதால் குண்டு நீண்டுவிட்டது. அதற்கு அவர் வைத்த முறுக்கு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1857இல் நடந்த சோதனைகளில் விட்வொர்த்தின் துப்பாக்கி என்ஃபீல்டை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. ஒரே எடைக்கு ஓரிடத்தில் 78, இன்னோரிடத்தில் 20. எடையை வைத்து முறுக்கைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இது நடந்திருக்கவே முடியாது.

உங்கள் .223க்கே வருகிறேன். சியரா நிறுவனம் விற்கும் 63 கிரெயின் அரைக்கூர் முனைக் குண்டு ஒன்று இருக்கிறது. மூக்கு மழுங்கியது, அடிப்பக்கம் தட்டையானது, குட்டையானது. உங்கள் 12 அங்குல முறுக்கிலிருந்தே அது நன்றாகப் பறக்கும். நேட்டோ படைகளின் எஸ்எஸ்109 குண்டு 62 கிரெயின். அதைவிட ஒரு கிரெயின் லேசானது. அதை உங்கள் குழலில் சுட்டால் 77 கிரெயின் குண்டு போட்ட அதே சாவித்துளைகளைத்தான் போடும். காரணம், எஸ்எஸ்109இன் மூக்குக்குள் ஒரு எஃகு முனை இருக்கிறது. எஃகு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கிறது. மூக்கும் நெடுமூக்கு, பின்பக்கமும் படகின் பின்புறம் போலக் குறுகிச் செல்கிறது. எல்லாம் சேர்ந்து நீளம் 0.9 அங்குலத்தைத் தொட்டுவிடுகிறது. 63 கிரெயின் குண்டோ முக்கால் அங்குலத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இந்த இரண்டு குண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இப்போது கணக்கு. ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1879இல் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார்: குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். உங்கள் குண்டின் விட்டம் .224 அங்குலம், 77 கிரெயின் போட்டிக் குண்டின் நீளம் ஒரு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு, 0.994 என்று வைத்துக்கொள்ளலாம். விடை 7.6 வருகிறது. உங்களிடம் இருப்பது 12. பெருக்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கடைக்குப் போகும் முன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் குண்டின் விலை மிஞ்சியிருக்கும்.

கிரீன்ஹில் பீரங்கிக் காலத்தவர். வேகமான இக்காலக் குண்டுகளுக்கு அவருடைய வாய்பாடு தேவைக்கு மேல் இறுக்கமான முறுக்கைக் கேட்கும். அதனால் விநாடிக்கு 2,800 அடிக்கு மேல் செல்லும் குண்டுகளுக்கு 150க்குப் பதிலாக 180 போடுவார்கள். 2005இல் டான் மில்லர் வெளியிட்ட வாய்பாடு இன்னும் நுட்பமானது. நான் இன்று பயன்படுத்துவது அதைத்தான். அது முறுக்கைச் சொல்வதற்குப் பதிலாக நிலைப்பு எண் ஒன்றைத் தருகிறது. 1.0க்குக் கீழே போனால் குண்டு கவிழும். 1.0க்கும் 1.4க்கும் இடையில் பறக்கும், ஆனால் மூக்கு ஆடிக்கொண்டே பறப்பதால் காற்றுத்தடை கூடும். 1.5ஐ எட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதன் செய்முறை இது. குண்டின் எடையை 30ஆல் பெருக்குங்கள்: 77 கிரெயினுக்கு 2,310. முறுக்கையும் நீளத்தையும் அங்குலத்தில் வைக்காமல், குண்டின் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்று மாற்றுங்கள்: 12ஐ .224ஆல் வகுத்தால் முறுக்கு 53.6 விட்டம், 0.994ஐ .224ஆல் வகுத்தால் நீளம் 4.44 விட்டம். முறுக்கின் வர்க்கத்தை விட்டத்தின் கனத்தால் பெருக்கினால் சுமார் 32.3. நீளத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதை நீளத்தாலேயே பெருக்கினால் சுமார் 92. இந்த இரண்டையும் பெருக்கி வருவதால் 2,310ஐ வகுங்கள். விடை 0.78.

ஒன்றுக்குக் கீழே. உங்கள் அட்டையில் விழுந்த சாவித்துளைகளின் முழுக் கதையும் அந்த எண்ணில் இருக்கிறது.

அதே செய்முறையில் 0.74 அங்குல நீளமுள்ள 55 கிரெயின் குண்டைப் போட்டால் 1.30 வருகிறது; அதன் கூடுதல் வேகத்தையும் சேர்த்தால் 1.36. மேலே சொன்ன 63 கிரெயின் மழுங்கு மூக்குக் குண்டுக்கு 1.33. எஸ்எஸ்109க்கு 0.82. பார்த்தீர்களா, எடை ஒரு கிரெயின் குறைய, நிலைப்பு சரிந்துவிடுகிறது.

இனி மருந்தைக் கூட்டச் சொன்ன நண்பரிடம் வருகிறேன். வேகம் கூடினால் சுழற்சியும் கூடும் என்பது உண்மை. அவர் எண்ணம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் வேகம் கூடும்போது புரட்டும் காற்றின் விசையும் சேர்ந்தே கூடுகிறது. ஒன்று மற்றொன்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. மில்லரின் வாய்பாட்டில் வேகத்துக்குக் கிடைக்கும் பங்கு கனமூலம் மட்டுமே, முறுக்குக்கோ வர்க்கம். மேலே வந்த 0.78 என்பது விநாடிக்கு 2,800 அடி வேகத்துக்கான எண். அதை வெறும் வேகத்தால் 1.0க்கு உயர்த்த வேண்டுமானால் அந்த 77 கிரெயின் குண்டு விநாடிக்கு 5,900 அடி வேகத்தில் புறப்பட வேண்டும். இந்தத் தோட்டாவில் அந்தக் குண்டின் இயல்பான வேகம் 2,700 அடியை ஒட்டியது. 5,900 அடியை எந்தக் கைத்துப்பாக்கியும், எந்த ரைஃபிளும் உங்களுக்குத் தராது. அந்தத் திசையில் நீங்கள் கூட்டும் ஒவ்வொரு துளி மருந்தும் குண்டை நிமிர்த்தப் பயன்படாமல், குழலில் தோட்டா அமரும் அறையில் அழுத்தத்தை மட்டும் ஏற்றும். .223 ரெமிங்டனுக்கு அமெரிக்கத் தொழில் அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அதன் மறுபக்கத்தில் உங்கள் கன்னமும் கண்ணும் இருக்கின்றன. அன்போடு ஆலோசனை சொன்னவர்தான், ஆனால் இந்த ஆலோசனையை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னோர் ஆபத்தையும் சொல்லாமல் விட மாட்டேன். மூன்று குண்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவிழ்ந்த குண்டு நீங்கள் குறிவைத்த கோட்டில் போவதில்லை. மண்மேடு எவ்வளவு உயரமானாலும், அது எங்கே விழும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு சாவித்துளையைக் கண்டதுமே சுடுவதை நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த முறை 25 மீட்டரில் ஒரு பெரிய அட்டை வைத்து, புதிய குண்டின் முதல் மூன்றை அங்கே சுட்டுப் பாருங்கள். ஓட்டை கம்பாஸ் வைத்து வரைந்தது போல இருந்தால் மட்டும் தூரத்துக்குப் போங்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் இருப்பது கல்கரி, கேட்டிருக்க வேண்டும். குளிர்காற்று அடர்த்தியானது, அடர்ந்த காற்று அதிகமாகப் புரட்டும். இதை அமெரிக்கப் படை பட்டுத்தான் அறிந்தது. எம்16 துப்பாக்கியின் முன்னோடியான ஏஆர்-15 முதலில் 14 அங்குல முறுக்கோடு வந்தது. குண்டு 55 கிரெயின். வெப்பமான நாளில் ஓடியது. பாரன்ஹீட் அளவில் பூஜ்யத்துக்கு 65 பாகை கீழே வைத்துச் சோதித்தபோது துல்லியம் கைவிட்டது. 1963இல் முறுக்கை 12 அங்குலமாக இறுக்கினார்கள். நமது வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிகிறது: 14 அங்குல முறுக்கில், இயல்பான வெப்பநிலையிலேயே 55 கிரெயின் குண்டின் நிலைப்பு எண் 1.0. கத்தி முனையில் நிற்கிறது. அந்தக் கொடுங்குளிரில் 0.76 ஆகிவிடுகிறது. உங்கள் குழலில் இருக்கும் 12 என்ற எண் அந்த வரலாற்றிலிருந்து நடந்து வந்தது. பிறகு 1980களில் எஸ்எஸ்109 வகைக் குண்டுக்கு மாறியபோது எம்16ஏ2 துப்பாக்கிக்கு 7 அங்குல முறுக்கு வைத்தார்கள். 62 கிரெயின் குண்டுக்கு 9 அங்குலமே போதும். கூட வரும் ஒளிக்கோட்டுக் குண்டு, அதாவது போகும் பாதையை ஒளியால் காட்டும் குண்டு, அதைவிட மிக நீளமானது என்பதால் 7 தேவைப்பட்டது.

கல்கரிக்கு ஒரு நற்பேறு உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிந்தது. உங்கள் 55 கிரெயின் குண்டின் 1.36, அங்கே வெயில் நாளில் 1.5ஐத் தாண்டும், சுழியத்துக்கு 20 பாகை செல்சியஸ் கீழே போனாலும் 1.35க்கு வந்து நிற்கும். உயரம் கொடுப்பதைக் குளிர் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் வரும் குளிர்காலத்தில் கடலோரத்தில் நடக்கும் போட்டி ஒன்றுக்குப் போனால் அந்த உயரத்தின் உதவி இராது. நிலைப்பு எண்ணை விளிம்பில் வைத்து நிரப்புகிறவர்கள் இப்படித்தான் ஊர் மாறியதும் திகைத்துப் போகிறார்கள்.

சரி, 600 மீட்டர் ஆசை என்ன ஆவது? அது நல்ல ஆசை. 77 கிரெயின் குண்டைத் தேர்ந்தெடுத்ததிலும் தவறில்லை. காற்றை ஊடுருவும் திறனுக்கான எண் 55 கிரெயின் குண்டுக்குச் சுமார் 0.25 என்றால், இதற்குச் சுமார் 0.37. 600 மீட்டரில் பக்கக்காற்று அடிக்கும்போது அந்த வேறுபாடு புள்ளிகளாகத் தெரியும். அந்தக் குண்டை வைத்துக்கொள்ள வேண்டுமானால் குழலை மாற்ற வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

மாற்றுவதாக இருந்தால் 8 அங்குல முறுக்கைச் சொல்வேன். அதில் 77 கிரெயின் குண்டின் நிலைப்பு எண் சுமார் 1.74. 69 கிரெயின் போட்டிக் குண்டும் தாராளமாக நிலைக்கும். 80 கிரெயின் குண்டும் கடல் மட்டத்தில் 1.47 தொடும், ஆனால் அதை நிரப்பினால் தோட்டா வழக்கமான மேகசினுக்குள் அடங்காது, ஒவ்வொன்றாகக் கையால் இட வேண்டியிருக்கும். 9 அங்குலத்தில் 77 கிரெயின் குண்டு சுமார் 1.38, கல்கரியில் ஒப்பேறும், கடலோரக் குளிரில் ஒப்பேறாது. 'எல்லாவற்றையும் சுடும்' என்று சொல்லி 7 அங்குலக் குழலை விற்கப் பார்ப்பார்கள். சுடும்தான். ஆனால் உங்கள் ஊர்ப் புல்வெளிகளில் தரை அணில் சுட மெல்லிய உறையுள்ள 40 கிரெயின் குண்டுகளைப் பயன்படுத்துகிறவராக இருந்தால் அது வேண்டாம். விநாடிக்கு 3,600 அடி வேகத்தில் 7 அங்குல முறுக்கிலிருந்து புறப்படும் குண்டு நிமிடத்துக்கு 3,70,000 முறை சுற்றுகிறது. மெல்லிய செப்பு உறை அதைத் தாங்காமல் நடுவானிலேயே பிய்ந்து, சாம்பல் நிறக் கோடாகக் கரைந்துபோவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அட்டையில் ஓட்டையே இராது. சுட்டவர் குறியைத்தான் பழிப்பார்.

இறுக்கமான முறுக்குக்கு இன்னொரு சிறு விலையும் உண்டு. எந்தக் குண்டும் முழு நேர்த்தியாகச் சமன்பட்டிருப்பதில்லை. எடை மையம் அச்சிலிருந்து இம்மியளவு விலகியிருந்தாலும், வேகமாகச் சுழலும் குண்டு குழல் வாயைத் தாண்டியதும் அந்த விலகலைப் பெரிதாக்கிக் காட்டும். துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் 6 மில்லிமீட்டர் பிபிசி (PPC) தோட்டாவில் தட்டை அடியுள்ள குட்டைக் குண்டுகளை 14 அங்குல முறுக்கிலிருந்து சுடுவது இதனால்தான். அவர்களுக்கு 100, 200 கெஜத்தில் ஒரே ஓட்டை வேண்டும். நீளக் குண்டு வேண்டாம். உங்கள் குழலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். கழற்றினாலும் பத்திரமாக எண்ணெயிட்டு வையுங்கள்.

குழலை மாற்றப் போவதில்லை என்றால் 50 முதல் 55 கிரெயின் வரை, அதிலும் 52, 53 கிரெயின் போட்டிக் குண்டுகளில் குட்டையான வகைகளை முயலுங்கள். எடை வேண்டுமென்றால் மேலே சொன்ன 63 கிரெயின் மழுங்கு மூக்கு. 300 மீட்டர் வரை இந்தத் துப்பாக்கி உங்களை ஏமாற்றாது.

முழுச் செப்புக் குண்டுகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, செப்பின் அடர்த்தி 9க்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரே எடையில் செப்புக் குண்டு எப்போதும் நீளமானது. 'இதுவும் 55, அதுவும் 55' என்று மாற்றி வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகள் அதற்கு எதிரான கதை. முனைக்கு எடையே இல்லை, வெறும் நீளம். மொத்த நீளத்தை அப்படியே வாய்பாட்டில் போட்டால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். அங்கே குண்டு செய்தவர் பெட்டி ஓரத்தில் அச்சிட்டிருக்கும் முறுக்கை நம்புங்கள். உங்கள் 77 கிரெயின் பெட்டியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 8 என்ற எண் எங்காவது இருக்கும்.

முறுக்கைத் தவறாகக் கணித்து ஒரு தோட்டாவின் பெயரையே கெடுத்துக்கொண்ட நிறுவனமும் உண்டு. 1955இல் 6 மில்லிமீட்டர் குழலுக்கு இரண்டு தோட்டாக்கள் வந்தன. .243 வின்செஸ்டர் 10 அங்குல முறுக்கோடு வந்தது. மான் வேட்டைக்கான 100 கிரெயின் குண்டை எளிதாகச் சுட்டது. .244 ரெமிங்டன் 12 அங்குல முறுக்கோடு, 90 கிரெயின் வரைக்கும் என்று வந்தது. கூட்டின் கொள்ளளவில் ரெமிங்டன்தான் பெரியது. ஆனால் ஒரே துப்பாக்கியில் நரியையும் மானையும் சுட நினைத்தவர்கள் வின்செஸ்டரை வாங்கிப் போனார்கள். பின்னர் ரெமிங்டன் முறுக்கை 9 ஆக்கி, 1963இல் தோட்டாவுக்கு 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று வேறு பெயரும் சூட்டியது. காலம் கடந்துவிட்டது. இன்றும் .243 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது; மற்றதைத் தேட வேண்டியிருக்கிறது.

எதையும் வாங்கும் முன் உங்கள் குழலின் முறுக்கை நீங்களே அளந்துவிடுங்கள். பொறித்த எண்ணை முழுதாக நம்பாதீர்கள். பழைய துப்பாக்கிகளில் குழல் கை மாறியிருக்கும். என் மேசைக்கு வந்த ஒரு ரைஃபிளில் 9 என்று பொறித்திருந்தது. அளந்தால் ஒன்பதரைக்குச் சற்று மேலே வந்தது. அதன் உரிமையாளர் இரண்டு கோடைகளாகத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி தனியே சுழலும் துப்புரவுக் கம்பியில், குழலுக்குள் இறுக்கமாகப் பிடிக்கும்படி துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். காடிகளில் துணி கவ்வியதும், கம்பியில் அறையின் பின்வாயை ஒட்டி ஒரு கோடும், அதே இடத்தில் மேல்நோக்கிக் கொடி போல ஒரு துண்டு ஒட்டுத்தாளும் வையுங்கள். மெல்லத் தள்ளினால் கொடி சுற்றும். அது மீண்டும் மேலே வந்ததும் நிறுத்தி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் முறுக்கு. துணி வழுக்கினால் அளவு பொய்யாகிவிடும். ஆகவே மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் எழுதி வையுங்கள்.

அந்த 43 தோட்டாக்களுக்குக் குண்டு உருவும் சுத்தியல் கடையில் கிடைக்கும். கண்ணாடி அணிந்து, ஒவ்வொன்றாக உருவுங்கள். குண்டுகள் கெடாது, 8 அங்குல முறுக்கு வைத்திருக்கும் மன்றத் தோழர் யாராவது மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். மருந்தின் பெயர் ஐயமில்லாமல் தெரிந்தால் மட்டும் அதன் சொந்த டப்பாவுக்குத் திரும்பட்டும். சிறு ஐயம் இருந்தாலும் வேண்டாம். புதிய குண்டுக்கு மாறும்போது பழைய குண்டின் மருந்தளவை எடுத்துக்கொள்ளக் கூடாது. எடை கூடினாலும், குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கினாலும் அழுத்தம் ஏறும். மருந்து செய்தவர் அந்தக் குண்டுக்கென்று வெளியிட்ட தொடக்க அளவிலிருந்து மறுபடியும் ஏறி வர வேண்டும். நீங்கள் இந்த முறை அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கம்தான் அன்று உங்களைக் காத்தது.

இந்தியாவிலிருந்து படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நான் மேலே எழுதியது கையால் நிரப்புவதைச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழ்பவருக்கான பதில். ஆனால் கணக்கு எந்த நாட்டுக்கும் பொது. கடையில் தோட்டாப் பெட்டி வாங்கும் போட்டியாளரும் தன் குழலின் முறுக்கைத் தெரிந்துகொண்டு வாங்கலாம்.

முறுக்கை அளந்ததும் அந்த எண்ணையும், கையில் உள்ள 55 கிரெயின் குண்டின் நீளத்தைக் காலிப்பரில் அளந்து ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரைக்கும் எழுதி அனுப்புங்கள். குழலை மாற்றுவதா, இருப்பதை வைத்து 300 மீட்டரில் தேர்ச்சி பெறுவதா என்பதை அந்த இரண்டு எண்களோடு பேசலாம்.